கார்னரில் ஒரு சாண் அகலம்

சென்ற மாதம் பயிற்சியாளர்களுக்காக நீங்கள் நடத்திய முகாமில் எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்தீர்கள். கபடியில் கார்னர் ஆட்டக்காரி எப்படி நிற்க வேண்டும் என்று பேசச் சொன்னீர்கள். பேசினேன். முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும், உடம்பின் எடை பாதத்தில் எங்கே இறங்க வேண்டும், கை எங்கே, கண் எங்கே என்றெல்லாம் சொன்னேன். நீங்கள் நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். சிலர் செல்போனில் படம் எடுத்தீர்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, "உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத மேட்ச் எதுங்க மேடம்?" என்று கேட்டார். நேரமாகிவிட்டது என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டேன்.

நேரம் இருந்தது. தைரியம்தான் இல்லை. அன்று சொல்லாததை இப்போது எழுதி அனுப்புகிறேன். படித்த பிறகு என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

நான் முதலில் மேட்டுப்பாளையத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். பிறகு கோவையில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றேன். ரைடு போவதை, எதிரணிக்குள் பாடிச் செல்வதைக் கற்றுக்கொடுக்க என்னைவிடத் திறமையானவர்கள் இருந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் நிற்கக் கற்றுக்கொடுப்பது. ஏழு பேர் வளைவாக நிற்கும்போது இரண்டு முனைகளிலும் நிற்பவர்கள்தான் கார்னர். பாடி வருகிறவளின் கணுக்காலை முதலில் பிடிப்பது அவர்கள்தான். அவர்கள் தப்பாக நின்றால் மற்ற ஐந்து பேரும் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பிரயோஜனம் இல்லை.

அதனால் என்னிடம் வரும் ஒவ்வொரு கார்னர் பெண்ணுக்கும் முதல் வாரத்தில் தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு போடுவேன். அவளுடைய உயரத்துக்கும் இடுப்புக்கும் ஏற்றபடி இரண்டு பாதங்களுக்கும் நடுவே எவ்வளவு இடம் வேண்டும் என்று என் கையால் சாண் வைத்து அளப்பேன். அந்த அளவு அவள் உடம்பில் ஊறும்வரை கோட்டின் மேல்தான் நிற்க வேண்டும். பிற்பாடு கோடு தேவையில்லை. கேலரியில் உட்கார்ந்து பார்த்தாலே இரண்டு விரல் கூடியதும் குறைந்ததும் எனக்குத் தெரிந்துவிடும். எதிரணிப் பயிற்சியாளர்கள் என்னைக் 'காலைப் பாக்கற மேடம்' என்று சொல்வார்கள். கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

நிவேதா என் கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்த பெண். மதுக்கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அப்பா சிமெண்டு மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. அம்மா நூறு நாள் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போவார். வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் இவள்தான். அதிகம் பேச மாட்டாள். நான் ஒன்று சொன்னால் "சரிங்க மேடம்" என்பாள், செய்வாள். இடது கார்னரில் அவளைப் போல நின்றவளை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அவளுடைய அளவு இரண்டு சாண் நாலு விரல். முதுகு நேராக, இடுப்பு தாழ்ந்து, பின்னங்காலின் குதி மட்டும் ஒரு காகிதம் நுழைகிற அளவுக்குத் தூக்கியிருக்கும். பாடி வருகிறவளின் முகத்தை அவள் பார்க்கவே மாட்டாள். இடுப்பையும் காலையும்தான் பார்ப்பாள்.

அந்த வருடம் ஈரோட்டில் ஒரு கல்லூரியின் உள்ளரங்கத்தில் போட்டி. காலையில் அரையிறுதியில் ஜெயித்தோம், மதியம் இறுதி ஆட்டம். ஓர் அரசுத் துறை அணிக்கு ஆள் எடுப்பதற்காக இரண்டு தேர்வாளர்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தேர்வானால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. எங்கள் அணியில் அவர்கள் கண் வைத்திருந்தது நிவேதாவின் மேல்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். காலையில் ஒருவர் என்னிடமே வந்து, "அந்த லெப்ட் கார்னர் எந்த ஊருங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் ஒரு கேட்ச். நான்கு பேர் சேர்ந்து ரைடரை விழத்தள்ளினார்கள். எழுந்திருக்கும்போது எங்கள் அணிப் பெண் ஒருத்தியின் முழங்கை நிவேதாவின் நெற்றிப்பொட்டில் இடித்தது. பெரிய அடி இல்லை. கையால் தேய்த்துவிட்டுக்கொண்டு இடத்தில் போய் நின்றாள். நடுவர்கூட கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

இரண்டாம் பாதியில் ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும். நாங்கள் ஒரு புள்ளி முன்னால். எதிரணியின் முக்கிய ரைடர் உள்ளே வந்து போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டுப் போனாள். புள்ளி சமமானது. நிவேதா அவளைத் தொடவே இல்லை. அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். அகலமாக வைத்திருந்தாள். இரண்டு விரல் மூன்று விரல் அல்ல, ஒரு சாண் கூடுதல். ஓடும் பஸ்ஸில் பிடிப்பில்லாமல் நிற்பவர்கள் விழாமலிருக்கக் காலைப் பரப்பிக்கொள்வார்கள், அப்படி.

உடனே டைம் அவுட் கேட்டேன். முப்பது நொடி.

பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். நான் நிவேதாவின் முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"தலை வலிக்குதா?"

"இல்லீங்க மேடம்."

"கண்ணு மங்கலா இருக்குதா? வாந்தி வர மாதிரி?"

"ஒண்ணுமே இல்லீங்க."

"ஸ்கோர் என்ன?"

சரியாகச் சொன்னாள். பேச்சில் குழறல் இல்லை. கண் தெளிவாக இருந்தது. முதலுதவிக்கு நின்றிருந்தவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

"நீ உக்காரு" என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். "மேடம்?"

"உக்காரு கண்ணு. வெளிய வா."

அணி மேலாளராக எங்களுடன் வந்திருந்தவர் வணிகவியல் பேராசிரியர், நல்ல மனிதர். அவர் ஓடி வந்தார். "ஏனுங்க மேடம், என்ன ஆச்சு? செலக்டர் பாத்துட்டு இருக்காங்க. இன்னும் அஞ்சு நிமிஷந்தானுங்க."

"கால அகலமா வெக்கறா சார்."

"காலுங்களா?" என்றார். அவருக்கு நான் சொன்னது விளங்கவில்லை. "கால் அகலமா வெச்சதுக்கா புள்ளைய வெளிய உக்கார வெக்கறீங்க? சொல்லித் திருத்துங்க. போறப்ப சொன்னா கேட்டுக்குவா."

மாற்று ஆட்டக்காரியை உள்ளே போகச் சொன்னேன். விசில் அடித்துவிட்டார்கள். நிவேதா பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்து எதிரே விரித்திருந்த கபடி மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மேலாளரிடம் சொல்ல என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லும் நிலையில் நான் இல்லை. அந்தக் காரணத்தின் பெயர் செல்வி.

செல்வி மேட்டுப்பாளையம் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படித்தவள். அம்மா பாக்கு மண்டியில் பாக்கு உரிக்கிற வேலை செய்தார். அப்பா இல்லை. அப்போதெல்லாம் மேட் கிடையாது, மண் தரைதான். நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. செல்விதான் நான் கோடு போட்டு நிற்கப் பழக்கிய முதல் கார்னர்.

மண்டலப் போட்டி ஒன்றில் பாடி வந்தவளின் முழங்கால் செல்வியின் காதுக்கு மேலே பட்டது. மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் உள்ளே ஓடினேன். "சரியா இருக்கியா கண்ணு?" என்று கேட்டேன். "சரியாத்தானுங்க மிஸ் இருக்கேன்" என்றாள். தண்ணீர் குடித்தாள், முகம் கழுவினாள், எழுந்து போய் நின்றாள்.

அவள் நின்றபோது கால் அகலமாக இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, களைப்பு என்று நினைத்தேன். இல்லை, அதுவும் முழு உண்மை இல்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வது அந்த நேரத்தில் எனக்கு வசதியாக இருந்தது. நாங்கள் முன்னிலையில் இருந்தோம். அந்தப் பள்ளி அதுவரை மண்டலத்தில் ஜெயித்ததே இல்லை. "கால சுருக்கு செல்வி!" என்று கோட்டுக்கு வெளியே இருந்து கத்தினேன். சுருக்கினாள். அடுத்த ரைடில் கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தாள், அவள் தலை இன்னொருத்தியின் இடுப்பில் மோதியது. அப்படியே கிடந்தாள்.

காரில் என் மடியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூளையில் இரத்தம் கட்டியிருந்தது. ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் வலது கை பழையபடி வரவில்லை. பேச்சு மெதுவாகிவிட்டது, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே அவள் தேட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. விளையாட்டில் அடிபடுவது சகஜம் என்று தலைமையாசிரியர் எழுதி அனுப்பினார். செல்வியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லீன்னா என்ற புள்ள பொழச்சிருக்க மாட்டா மிஸ். மடியில போட்டுட்டு ஓடுனீங்களே" என்றார். நான் தலையை ஆட்டினேன். கால் அகலமாக இருந்ததை நான் பார்த்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வருடம் மாதம் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா எனக்கு நன்றி சொன்னார். அதைத் தாங்க முடியாமல் போவதை நிறுத்திவிட்டேன். கோவையில் கல்லூரி வேலை கிடைத்ததும் மாறி வந்துவிட்டேன்.

ஈரோட்டில் அந்த முப்பது நொடியில் என் கண்முன் நின்றது நிவேதா இல்லை, செல்விதான்.

மிச்சமிருந்த ஐந்து நிமிட ஆட்டத்தில் எதிரணி ரைடர் எங்கள் இடது மூலையில் இரண்டு போனஸும் ஒரு தொடு புள்ளியும் எடுத்தாள். மாற்றுப் பெண் பாவம், பயந்துபோய்ப் பின்னாலேயே நின்றாள். இரண்டு புள்ளியில் தோற்றோம். தேர்வாளர்கள் எதிரணியிலிருந்து இரண்டு பேரின் பெயரை எழுதிக்கொண்டு கிளம்பினார்கள்.

திரும்பும் வழியில் பெருந்துறை தாண்டி ஒரு டீக்கடையில் வேனை நிறுத்தினோம். பெண்கள் எல்லாரும் இறங்கி வேனுக்கு அந்தப் பக்கம் போய் நின்று டீ குடித்தார்கள். மேலாளர் போன் பேசுவதுபோலத் தள்ளிப் போய்விட்டார். கடைக்காரர் என்னிடம் கிளாஸை நீட்டி, "ஜெயிச்சுட்டீங்களாங்க?" என்று கேட்டார். இல்லை என்றேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அன்று அந்த டீயைக் குடித்து முடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது. இந்தத் தொழிலில் இப்படி ஒரு டீ உங்களுக்கும் வரும். அதைப் பற்றி எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

கோவையில் இறங்கியதும் நேராக ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனேன். நிவேதா மறுக்காமல் வந்தாள். டாக்டர் படத்தை இரண்டு தடவை பார்த்தார். "ஒண்ணுமே இல்லீங்க மேடம். சின்ன வீக்கம்கூட இல்ல. எதுக்கு இவ்வளவு பயந்தீங்க?" என்றார்.

நான் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, ஏதாவது சின்னதாகவாவது இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு எண்ணம் ஓடியது. ஒரு பெண்ணின் தலைக்குள் அடி இருக்க வேண்டும் என்று அவளுடைய பயிற்சியாளர் விரும்பிய கணம் அது. என் வாழ்க்கையில் நான் வெட்கப்படும் கணங்களில் அதை முதலில் வைப்பேன்.

இரண்டு நாள் கழித்து நிவேதாவின் அம்மா கல்லூரிக்கு வந்தார். என் அறையில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏனுங்க, என்ற புள்ளைய உக்கார வெச்சுப்போட்டு, உங்க ஆளுக தோட்டத்துப் புள்ளைய எறக்கி உட்டீங்களாமாங்க?"

மாற்றாக இறங்கிய பெண் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரில் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். உறவெல்லாம் இல்லை, சாதிதான் ஒன்று. எங்கள் பகுதியில் 'உங்க ஆளுக' என்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த அம்மா எத்தனையோ தோட்டங்களில் வாசலோடு நிறுத்தப்பட்டவர். அவர் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை.

"அப்படி இல்லீங்க அம்மா. அவ தலைல அடிபட்டிருக்குமோன்னு பயந்துட்டேன்."

"டாக்டரு ஒண்ணுமில்லீன்னு சொல்லிட்டாருங்களே."

"ஆமாங்க."

"பொறவு?"

பிறகு என்ன சொல்வது? செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அவர் "சரிங்க. வாரனுங்க" என்று கும்பிட்டுப் போனார். எங்கள் ஊரில் கோபத்துக்கும் 'ங்க' உண்டு. அன்றைய 'ங்க' என் கன்னத்தில் விழுந்தது.

அதற்குப் பிறகு நிவேதா பயிற்சிக்கு வரவில்லை. தேர்வு எழுதி முடித்துப் போய்விட்டாள். ஸ்டாஃப் ரூமில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் உள்ளே போனால் பேச்சு மட்டும் கொஞ்சம் மாறும். மதியச் சாப்பாட்டை என் அறையிலேயே சாப்பிடப் பழகிக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை, நான்கு வருடம், அப்படித்தான். துடியலூரில் வீடு. அங்கேயும் தனியாகத்தான். காலையில் குக்கரில் ஒரு டம்ளர் அரிசி போடுவேன், அது இரவுக்கும் இருக்கும்.

ஓய்வு பெற்ற வாரம் மனசு கேட்காமல் மதுக்கரைக்குப் பஸ் ஏறினேன். நிவேதா ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறாள் என்று பழைய மாணவி ஒருத்தி சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தாள். கல்யாணம் ஆகியிருந்தது, அன்று அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மேடம், உக்காருங்க" என்று சேர் போட்டாள். காபி வந்தது. வேலை எப்படி, உடம்பு எப்படி என்று கேட்டுக்கொண்டோம். அவள் முகத்தில் கோபமும் இல்லை, பழைய பிரியமும் இல்லை. மரியாதை இருந்தது.

"அன்னிக்கு நான் பண்ணுனது தப்பு நிவேதா" என்றேன்.

"நீங்க ஏன் மேடம் என்ன உக்கார வெச்சீங்க? அம்மா சொன்ன மாதிரிதான்னு நானும் நெனச்சேன். பொய் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"கால அகலமா வெச்சிருந்த கண்ணு. ஒரு சாண். நீ எப்பவும் அப்படி நிக்க மாட்ட. தல சுத்துதுன்னு நெனச்சுட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். சிரிப்பா, அழுகையா என்று தெரியாத ஒரு முகம்.

"வேணும்னுதானுங்க மேடம் அப்படி நின்னேன்."

"என்னது?"

"அந்த ரைடர் போனஸுக்கு எப்பவும் என்ற பக்கந்தான் வந்தா. முதல் பாதில இருந்து பாத்துட்டே இருந்தேன். கோட்டை லேசாத் தாண்டிட்டு ஓடிருவா, கை எட்டாது. கால அகலமா வெச்சு நின்னா, களைச்சுட்டேன், சீக்கிரம் நகர மாட்டேன்னு நெனச்சு இன்னும் ஒரு அடி உள்ள வருவான்னு கணக்குப் போட்டேன். ஒரு போனஸ் குடுத்தேன், அவ நம்போணும்னு. அடுத்த ரைடுல புடிச்சிருப்பேனுங்க." நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள். "பின்னங்கால் குதிய தூக்கியேதான் வெச்சிருந்தேன். அதை நீங்க பாக்கலீங்களா?"

பார்க்கவில்லை. காலைப் பார்க்கிற மேடம், அகலத்தைப் பார்த்தேன், குதியைப் பார்க்கவில்லை. நான் கற்றுக்கொடுத்த நிலையை அவள் தாண்டிப் போயிருந்தாள். அதை நான் நோய் என்று நினைத்தேன்.

"டைம் அவுட்ல ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க தலை வலிக்குதான்னு கேட்டீங்க. இல்லீன்னேன். ஸ்கோர் கேட்டீங்க. சொன்னேன். ஏன் இப்படி நிக்கறேன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே மேடம்."

உங்களுக்கு நான் சொல்ல வந்த பாடம் இவ்வளவுதான். முகாமில் ஒரு மணி நேரம் பேசியதையெல்லாம் மறந்துவிட்டால்கூடப் பரவாயில்லை. நிற்கும் நிலை மாறினால் உங்கள் மனதில் இருக்கும் பயத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அவள் காலைப் பற்றிக் கேளுங்கள். ஏன் இப்படி நிற்கிறாய் என்று கேட்க இரண்டு நொடி போதும். என்னிடம் முப்பது நொடி இருந்தது.

பிறகுதான் நிவேதாவிடம் செல்வியைப் பற்றிச் சொன்னேன். முதல் முறையாக ஒருவரிடம் சொன்னேன். நடுவில் அவள் அம்மா உள்ளேயிருந்து வந்து கதவருகே நின்று கேட்டார். நான் முடித்ததும் யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. நிவேதா காலி டம்ளரை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த அக்கா ஊட்டுக்கு இதைச் சொல்லிட்டீங்களா மேடம்?"

"இல்ல."

"என்கிட்ட சொல்லி என்னங்க பண்றது?"

அவள் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு வேறு எதுவும் ஞாபகம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் போனேன். வீடு அதே தெருவில்தான் இருந்தது, முன்னால் சிமெண்டு ஷீட் போட்டிருந்தார்கள். செல்விக்கு நரை வந்திருந்தது. ஆனால் என்னைப் பார்த்த கணத்திலேயே, "மிஸ்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் தேடவே இல்லை. அவள் அம்மா முதுகு வளைந்து போயிருந்தார். வழக்கம்போல என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் அன்னிக்கு இல்லீன்னா..." என்று ஆரம்பித்தார்.

நான் அவரை நிறுத்தினேன். நின்றுகொண்டே சொன்னேன். முதல் அடிக்குப் பிறகு செல்வியின் கால் அகலமாக இருந்ததை நான் பார்த்தேன், பார்த்தும் வெளியே கூப்பிடவில்லை, சுருக்கு என்று கத்தினேன் என்று சொன்னேன். நீட்டி முழக்கவில்லை. மூன்று நான்கு வாக்கியம்தான். அதற்கு இத்தனை வருடம் ஆகியிருந்தது.

அந்த அம்மா என் கையை விட்டார்.

"பாத்தீங்களா?" என்றார். "பாத்துப்போட்டுமா ஆட உட்டீங்க?"

"ஆமாங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள் அறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

செல்வியும் நானும் இருந்தோம். அவள் இடது கையால் வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அன்று கேட்டிருக்க வேண்டியதை நான் கேட்டேன்.

"ஏன் கண்ணு அன்னிக்கு அப்படி நின்ன?"

அவள் யோசித்தாள். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. "தரை... ஆடுச்சுங்க மிஸ்."

"நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

இந்த முறை ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். எனக்கு ஏற்ற பதிலைத் தேடுகிறாளோ என்று பயந்தேன். அப்படியில்லை. அவள் உண்மையாகவே அந்த நாளுக்குள் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலீங்க மிஸ்" என்றாள். "எனக்கு... ஆடோணும்னு... இருந்துச்சு."

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. எழுந்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, சாத்தியிருந்த கதவைப் பார்த்து, "வாரனுங்க" என்றேன். உள்ளே பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. இன்னொரு முறையும் சொன்னேன். பிறகு கிளம்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.